வானம் பார்த்த பூமியில் ஒரு பழைய தொலைநோக்கி

செலவு செய்வதற்கு முன் "இது வீணா?" என்று கேட்டுக்கொள்வது முஸ்லிம் குடும்பங்களில் ஊறிப்போன நல்வழக்கம். கல்யாணப் பந்தலில் கூடுதலாக ஒரு விளக்குச் சரம் தொங்கினாலும், மூலையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் "இஸ்ராஃப்" என்று முணுமுணுப்பார். அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சி எத்தனையோ ஆடம்பரங்கள் நம் வாசலோடு திரும்பிப் போயிருக்கின்றன. அந்த அச்சம் நம்மை விட்டு அகலாதிருக்கட்டும்.

ஆனால், அச்சொல் சில வேளைகளில் விழக்கூடாத இடத்திலும் விழுந்துவிடுகிறது. பொருளைப் பாழாக்குவது வீண் என்று மார்க்கம் சொன்னதை, பொருளை ஈட்டித் தராத யாவும் வீண் என்று நாம் மாற்றிப் பொருள்கொண்டு விடுகிறோம். இவ்விரண்டும் ஒன்றுதானா? இதுவே இங்கு ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

கேள்வியை அந்தரத்தில் நிறுத்தாமல் ஒரு பொருளின்மேல் வைத்துப் பார்ப்போம். சிவகாசியில் அச்சகம் ஒன்றில் பணிபுரியும் குடும்பத் தலைவர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அளவான வருமானம், அளவுக்கு மீறாத செலவு. பள்ளியில் பாடம் கேட்டுவிட்டு வந்த மகள், "அத்தா, சனிக்கோளின் வளையத்தை நாமே பார்க்க முடியுமா?" என்று கேட்கிறாள். சபர் சென்று திரும்பிய ஒருவர் பிள்ளைகளுக்கென்று வாங்கிவந்த தொலைநோக்கி பரண்மேல் தூசி படிந்து கிடக்கிறது என்றும், சில ஆயிரம் ரூபாய்க்குத் தருவார்கள் என்றும் தெரியவருகிறது. அவர் அதை வாங்கலாமா?

எதிர்வாதத்தின் வலிமை

வாங்கக்கூடாது என்போரின் வாதத்தை முதலில் முழுமையாகக் கேட்போம். வீண்செலவாளர்களை ஷைத்தானின் கூட்டாளிகளோடு சேர்த்துத் திருமறை கண்டித்திருக்கிறது. பலன் தராத அறிவை விட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைவனிடம் காவல் தேடியிருக்கிறார்கள். சனிக்கோளின் வளையத்தைக் கண்டு யாருடைய அடுப்பு எரியப்போகிறது? பள்ளிக் கட்டணம் இருக்கிறது. வீட்டு வாடகை இருக்கிறது. முதியவர்களின் மருந்துச் செலவு இருக்கிறது. இவற்றுக்கு நடுவே வானத்தைப் பார்க்கக் கருவி வாங்குவது, பசித்தவன் வீட்டில் படம் மாட்டுவது போன்றதல்லவா?

இவ்வாதத்துக்கு எளிதாக ஒரு விடை சொல்லிவிடலாம்: இன்று பயனற்றதாகத் தோன்றும் அறிவு நாளை பயன் தரும் என்று. அதற்குச் சான்றும் உண்டு. 1868 ஆகஸ்டு 18 அன்று முழுச் சூரிய கிரகணம் நேர்ந்தது. அதை ஆராய அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு ஜான்சன் என்னும் பிரெஞ்சு அறிஞர் வந்தார். சூரியனின் விளிம்பிலெழுந்த பிழம்புகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அவ்வாண்டில் சூரிய ஒளியில் கண்டறியப்பட்ட ஒரு புதிய மஞ்சள் கோடு, பூமியில் யாரும் அறிந்திராத ஒரு தனிமத்தினுடையது என்று பின்னர்த் தெளிந்தார்கள். ஹீலியம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதைப் பூமியில் கைக்கொள்ள 1895 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று மருத்துவமனைகளின் காந்த அதிர்வுக் கருவிகளைக் குளிர்விப்பது அந்த ஹீலியந்தான்.

இது உண்மை. எனினும் இவ்விடையின்மீது நான் நிற்க விரும்பவில்லை. சிவகாசிச் சிறுமி தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஹீலியத்தைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. அவள் பார்ப்பவை யாவும் முன்பே பார்த்து, அளந்து, அச்சேற்றப்பட்டவை. பயன் என்றாவது வரும் என்ற வாக்குறுதியை அவள் கையில் கொடுத்தால், அது வராத நாளில் நம் வாதமும் விழுந்துவிடும். ஆகவே வேறொரு வழியில் செல்லவேண்டும். வீண் என்ற சொல்லின் பொருளையே சற்று உற்று நோக்கவேண்டும்.

ஒளியை விற்கும் ஊர்

விருதுநகர் மாவட்டத்தை வானம் பார்த்த பூமி என்பார்கள். மழையை நம்பி அண்ணாந்து கிடக்கும் கரிசல் நிலம். அந்த வறட்சியே சிவகாசிக்குப் பிழைப்பாயிற்று. ஈரமில்லாத காற்று வெடிமருந்தை உலர்த்த உதவியது. வேளாண்மை பொய்த்த வீடுகள் வேலைக்கு ஆள் தந்தன. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் அடுத்தடுத்து வளர்ந்தன. அதே உலர்ந்த காற்றும் மேகமற்ற இரவுகளும் விண்மீன்களைக் காணவும் ஏற்றவை என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை.

இவ்வூரில் செய்யப்படும் வாணங்கள் எங்கோ ஒரு நகரத்தின் மேல் எழுந்து, சில நொடிகள் மலர்ந்து, சாம்பலாகி விழுகின்றன. அதற்காக வாங்குவோர் செலவிடும் தொகை சிறிதன்று. அதை ஏளனம் செய்வது நம் நோக்கமும் அன்று. பல்லாயிரம் குடும்பங்கள் அதனால் உண்கின்றன. அத்தொழிலின் விலையையும் நாம் அறிவோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிறருடைய ஒருகணக் களிப்புக்காக உயிரைப் பணயம் வைத்து ஒளி செய்கிற மக்கள் இவர்கள்.

இவ்வூரின் தொழிலாளர்களுக்கு ஒளியின் குணம் புதிதன்று. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குச் செம்பு, மஞ்சளுக்குச் சோடியம், பச்சைக்கு நெடுங்காலமாகப் பேரியம் என்று அவர்கள் கைப்பழக்கமாக அறிவார்கள். ஒவ்வொரு தனிமமும் வெம்மையில் தனக்கே உரிய நிறத்தைக் காட்டும் என்ற அந்த உண்மையைக் கொண்டுதான், எட்டாத தொலைவிலுள்ள விண்மீன் எதனால் ஆனது என்று அறிஞர்கள் படித்தறிகிறார்கள். வெடிமருந்துக் கலவை அறையிலும் வானாய்வுக் கூடத்திலும் ஒரே விதிதான் ஆள்கிறது.

இன்னொன்றையும் மறப்பதற்கில்லை. 1970களிலும் 1980களிலும் இவ்வட்டாரத்துக் குழந்தைகள் விடியுமுன்னே எழுப்பப்பட்டு, தீப்பெட்டித் தொழிற்கூடங்களின் வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டதை அக்கால ஏடுகள் எழுதின. ஆபத்தான தொழில்களில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் 1986இல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனை பிள்ளைகள் தூக்கக் கண்ணோடு அந்த இருட்டில் நின்றிருப்பார்கள்! தலைக்கு மேலே வானம் முழுவதும் விரிந்து கிடந்தது. இது இன்ன மீன், அது இன்ன கோள் என்று சொல்லித்தர அங்கே யாருமில்லை. வானம் அவர்களுக்கு மறுக்கப்படவில்லை; அதைப் பார்க்கும் ஓய்வுதான் மறுக்கப்பட்டது. உழைக்கும் குடும்பத்துக்கு வியப்பு எதற்கு என்ற கேள்வியில் ஒரு கொடுமை மறைந்திருப்பதை அப்பிள்ளைகளை நினைக்கும்போது உணர்கிறோம்.

கைமாறி வந்த கருவிகள்

பழைய கருவி என்றதும் முகம் சுளிப்போர் உண்டு. சிவகாசி அப்படிச் சுளிக்கக்கூடிய ஊரன்று. அயல்நாடுகளில் ஓடித் தேய்ந்த அச்சு இயந்திரங்களை வாங்கிவந்து, பழுது நீக்கி ஓட்டித்தான் இவ்வூர் அச்சகங்கள் பல காலூன்றின. வானியலின் வரலாறும் அத்தகையதே.

கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராயிருந்த வில்லியம் பெட்ரி என்பவர், 1786இல் சென்னை எழும்பூரில் தம் இல்லத்தில் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். அவர் தந்துசென்ற கருவிகளைக் கொண்டே கம்பெனியின் வானாய்வுக்கூடம் உருவாகி, 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது. இங்குப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல், ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்கு அதை விளக்கி அவர் எழுதிய சிறு நூல் உருது உட்படப் பல மொழிகளில் வெளிவந்தது. கண்டதைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல் மக்களின் மொழிகளில் சொல்ல வேண்டும் என்று அவர் கருதினார்.

அக்கூடத்துக்கென்று 1850ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில் செய்யப்பட்ட ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்று, பின்னர்ச் செப்பனிடப்பட்டுக் கொடைக்கானலுக்குச் சென்றது. இருபதாம் நூற்றாண்டு முழுவதும் அது சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறது. ஒரு கருவிக்கு வயது ஏறுவதால் வானம் அதற்கு முகம் காட்ட மறுப்பதில்லை.

நமக்கு நெருக்கமான சான்று ஹைதராபாத்தில் உண்டு. நவாப் ஸஃபர் ஜங் என்னும் பெருந்தகை 1901இல், பதினைந்து அங்குல வில்லை பொருந்திய தொலைநோக்கியைத் தம் சொந்தப் பணத்தில் இங்கிலாந்திலிருந்து வரவழைத்துக் கூடம் அமைத்தார். வானியல் அவருக்குப் பிழைப்பன்று, விருப்பம். 1907இல் அவர் காலமானபின் நிஜாம் அரசு அதை ஏற்று நடத்தியது. 1919இல் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்த நிஜாமியா வானாய்வுக்கூடம் அதுவே. அக்கூடத்தில் உதவியாளராகப் பணியாற்றிய ஒருவரின் மகன், சிறுவயதிலேயே அக்கருவிகளின் நிழலில் வளர்ந்தார். அவரே வைணு பாப்பு. 1960இல் கொடைக்கானல் கூடத்தின் தலைமையை ஏற்றவர். வாணியம்பாடிக்கருகே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வானாய்வுக்கூடம் எழக் காரணமானவர். அங்கு 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒரு நவாப் தம் மகிழ்ச்சிக்கு வாங்கிய கருவி, அவர் முகத்தையே அறியாத ஒரு பையனின் கண்ணைத் திறந்தது. ஆறு அங்குலமும் பதினைந்து அங்குலமும் அறுபது மில்லிமீட்டர் குழலும் அளவில் ஒன்றல்ல. ஆயினும் பரண்மேல் கிடக்கும் குழல் இன்னொரு கைக்கு மாறும்போது நிகழ்வதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அது பரணில் கிடந்த வரையில்தான் வீண். ஒரு குழந்தையின் கண்ணருகே வந்தபின், முன்பு செய்த செலவும் சேர்ந்து வீணிலிருந்து மீட்கப்படுகிறது.

எதிலிருந்து தொடங்குவது?

வாங்குவதென்று முடிவானாலும் உடனே வாங்கிவிடலாகாது. முதல் ஆறு மாதங்களுக்குக் காசே தேவையில்லை. இஷாத் தொழுகைக்குப் பின் மொட்டைமாடிக்குச் சென்று, பத்து நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு பார்க்கவேண்டும். இஷாவின் நேரம் எதைக்கொண்டு வகுக்கப்பட்டது? அந்திச் செவ்வானம் மறைவதைக் கொண்டு. நம் முன்னோர் கடிகாரத்துக்கு முன்பே வானத்தை வைத்தே நாளை நடத்தினார்கள். வைகறையில் முதலில் தோன்றும் பொய் வெளிச்சத்தையும் அதன்பின் அடிவானத்தில் பரவும் மெய் வெளிச்சத்தையும் சட்ட அறிஞர்கள் பிரித்துச் சொன்னது, வெட்டவெளியில் நின்று பார்த்த கண்களின் துணையோடுதான்.

விண்மீன்களின் பெயர்கள் நமக்கு அயலானவை அல்ல. உலகெங்கும் வானியலார் வழங்கும் பெயர்களில் பெரும்பகுதி அரபுச் சொற்களின் திரிபு. தமிழில் ரோகிணி எனப்படும் மீனை அவர்கள் அல்டெபரான் என்பார்கள். 'அத்தபரான்' என்றால் பின்தொடர்வது. எதைப் பின்தொடர்கிறது? தமிழர் கார்த்திகை என்றும் அரபியர் சுரையா என்றும் அழைக்கும் மீன்கூட்டத்தை. திருவோணம் அவர்களுக்கு 'அல்டேர்'. பறக்கும் கழுகு என்ற அரபுப் பெயரின் எச்சம் அது. தென்வானில் குளிர்கால இரவுகளில் சுடர்விடும் அகத்திய மீனுக்கு அரபியில் சுஹைல் என்று பெயர். சுரையாவும் சுஹைலும் நம் தெருவில் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! தம் பெயருக்குரிய மீனை அவர்களில் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்?

சிவகாசி நிலநடுக்கோட்டுக்கு ஒன்பதரைப் பாகைதான் வடக்கே உள்ளது. ஆகவே வடமீன் இங்கே அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்தே தெரியும். அதற்கு ஈடாக, ஐரோப்பாவின் பெரும்பகுதியினர் காணவே முடியாத சுஹைல் நமக்கு நன்றாக உயர்ந்து காட்சி தரும். தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளே தொடங்க ஏற்றவை. தீபாவளியை ஒட்டிய புகையும் வடகிழக்குப் பருவமழையின் மேகமும் அப்போது விலகியிருக்கும்.

சந்திரனைப் பார்க்கத் தனி அட்டவணை வேண்டியதில்லை. சிவகாசியிலேயே அச்சாகும் தினசரிக் காலண்டரில் ஹிஜ்ரித் தேதி இருக்கிறது. பிறை ஆறிலிருந்து பத்துவரை தொலைநோக்கிக்கு உகந்தவை. ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில்தான் சந்திரனின் பள்ளங்களும் மலைகளும் நிழல் வீழ்த்தி நிற்கும். முழுநிலவன்று பார்த்தால் கண் கூசுமேயன்றி வடிவம் தெரியாது. மங்கலான மீன்களைத் தேட மாதத்தின் கடைசி இரவுகளும் முதல் இரவுகளும் நல்லவை.

வெறுங்கண்ணுக்கு வானம் பழகியபின் அடுத்த படி ஒரு பைனாகுலர். பத்து மடங்கு பெருக்கமும் ஐம்பது மில்லிமீட்டர் வில்லையும் உடையது போதுமானது. கிபி 964இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்னும் பாரசீக அறிஞர், தம் விண்மீன் நூலில் ஒரு 'சிறு மேகத்தை'க் குறித்துவைத்தார். அவரிடம் வில்லை ஏதுமில்லை, கண்தான் இருந்தது. அது நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள மற்றொரு விண்மீன் மண்டலம் என்று இருபதாம் நூற்றாண்டில் தெளிந்தது. அங்கிருந்து ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓய்ந்த ஓர் இரவில், பைனாகுலர் வழியே அந்த மேகத்தை நாமும் காணலாம்.

பழையதை வாங்கும்போது

தொலைநோக்கி விற்பவர் முதலில் சொல்வது "ஐந்நூறு மடங்கு பெரிதாகக் காட்டும்" என்பது. பெட்டியின்மேலும் அப்படித்தான் அச்சடித்திருக்கும். அதை நம்பவேண்டியதில்லை. தொலைநோக்கியின் வலிமை அதன் முன்வில்லையின் அகலத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மில்லிமீட்டர் அகலத்துக்கும் இரண்டு மடங்கு பெருக்கம் என்பதே பயன்படத்தக்க எல்லை. அறுபது மில்லிமீட்டர் வில்லைக்கு நூற்றிருபது மடங்கு. அதற்குமேல் போனால் உருவம் பெரிதாகும், தெளிவு அழிந்துவிடும். குழலின் குவியத் தூரத்தைக் கண்வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் பெருக்கம் கிடைக்கும். எழுநூறு மில்லிமீட்டர் குழலில் இருபது மில்லிமீட்டர் கண்வில்லை பொருத்தினால் முப்பத்தைந்து மடங்கு. இதுவே தொடக்கத்துக்குப் போதும். வியாழனின் நான்கு பெரிய சந்திரன்களும் சனியின் வளையமும் இதில் தெரியும்.

பகலில் டார்ச் விளக்கின் ஒளியைக் குழலுக்குள் சாய்வாகச் செலுத்திப் பார்க்கவேண்டும். சிலந்தி வலைபோல் நரம்போடும் பூஞ்சை வில்லையில் படர்ந்திருந்தால் விட்டுவிடலாம். சிறிது தூசி இருந்தால் கவலையில்லை. அதைச் சட்டைத் துணியால் துடைப்பதுதான் கேடு. கண்ணாடி பதித்த வகையாயின், அதன் வெள்ளிப்பூச்சு மங்கியிருக்கிறதா என்று காணவேண்டும். கண்வில்லையைச் செருகும் குழாய் ஒன்றேகால் அங்குலமாயிருந்தால், பழுதுபட்டதற்கு மாற்று எளிதில் கிடைக்கும். சில பழைய கருவிகளில் அது ஓரங்குலத்துக்கும் குறைவாயிருக்கும், மாற்றுக் கிடைப்பது அரிது. முக்காலியை மறக்கக்கூடாது. தொட்டால் ஆடும் முக்காலியில் எந்த வில்லையும் வீண். இறுதியாக, இரவில் ஒரு விண்மீனை நோக்கவேண்டும். அது புள்ளியாகத் தெரிந்தால் கருவி நல்லது.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். பழைய தொலைநோக்கிகளோடு, கண்வில்லையில் திருகிக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்று சூரியனைப் பார்ப்பதற்கென்று வரும். அதை வாங்கிய அன்றே உடைத்தெறிந்துவிடுங்கள். வில்லை குவித்த வெப்பத்தில் அது எந்த நொடியும் விரிசல் விடும். அடுத்த நொடி பார்வை போய்விடும். குழலின் முன்வாயை முழுவதும் மூடும் தரமான சூரிய வடிகட்டி இல்லாமல் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. பகலில் குழந்தைகளின் கைக்கெட்டும்படி அதை வைப்பதும் ஆகாது.

கண்டேன் என்று சொல்வது

இத்தனை முயற்சிக்குப் பின் கிடைப்பது என்ன? ஏமாற்றமாகவும் இருக்கலாம். நூல்களில் வரும் வண்ணப் படங்களைப்போல் எதுவும் தெரியாது. சனிக்கோள் ஓர் உளுந்து அளவில் நடுங்கிக்கொண்டு நிற்கும். ஆனால், அந்த நடுங்கும் புள்ளியில்தான் மனிதன் கற்கவேண்டிய ஓர் ஒழுக்கம் இருக்கிறது. கண்டதைக் கண்டபடி சொல்வதே அது.

கலீலியோ 1610இல் சனியை நோக்கினார். அவருடைய குழல் இன்று மலிவாகக் கிடைக்கும் குழலைவிடத் தாழ்ந்தது. வளையம் அவருக்கு வளையமாகத் தெரியவில்லை. மூன்று உருண்டைகள் ஒட்டி நிற்பதுபோல் தெரிந்தது. அப்படியே எழுதினார். 1612இல் பார்த்தபோது இரு பக்கத்து உருண்டைகளும் மறைந்திருந்தன. திகைத்துப்போனார், அத்திகைப்பையும் மறைக்காமல் எழுதினார். வளையம் நமக்கு விளிம்பாகத் திரும்பும்போது கண்ணுக்குத் தெரியாமற்போகும் என்ற விளக்கத்தை 1659இல் ஹைகன்ஸ் வெளியிட்டார். சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் அது, 2025 மார்ச்சிலும் நிகழ்ந்தது. கலீலியோ தெரியாததைத் தெரிந்ததாக எழுதியிருந்தால், பின்வந்தவருக்கு அவர் குறிப்பு உதவியிராது.

சாட்சியம் என்பதன் பாரத்தை நம் சமுதாயம் நன்கு அறியும். ரமளானின் தொடக்கமும் பெருநாளும் பிறையோடு பிணைந்தவை. எந்த ஊரில் கண்ட பிறையை எங்கே ஏற்பது, கணக்கீட்டுக்கு எவ்வளவு இடம் தருவது என்பவற்றில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்துள் நுழைய நான் தகுதியுடையவன் அல்லன். அது எப்படி முடிந்தாலும், "நான் கண்டேன்" என்று ஒருவர் முன்வந்து சொல்லும் சொல் நாணயமானதாய் இருக்கவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளை ஆடிப்பெருக்கன்றே வெளியிட்டுவிடுகிறார்கள். வரப்போகும் பிறைகளெல்லாம் மாதக்கணக்கில் முன்னரே அச்சேறிவிடுகின்றன. அந்தத் தாளை அச்சிட்டவரும் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் மேற்கே பார்க்கிறார். கணக்குச் சொல்வது வேறு, கண் சாட்சி சொல்வது வேறு என்று அவருக்குத் தெரியும்.

மேற்கே அந்திச் சிவப்பில், மெல்லிய மேகக் கீற்றும் விமானம் விட்டுச்சென்ற புகைக்கோடும் பிறைபோலவே மயக்கும். வானத்தோடு பழகிய கண் அம்மயக்கத்தை அறியும். "கண்டேன்" என்பதற்கும் "கண்டதாகத் தோன்றியது" என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை, நூலைப் படித்து உணர்வதைவிட, ஆடும் கண்வில்லையில் அரைமணி நேரம் போராடி உணர்வது ஆழமாகப் பதியும். பத்து வயதில் அதை உணர்ந்த பெண், நாற்பது வயதில் அண்டை வீட்டைப் பற்றி வதந்தி ஒன்று காதில் விழும்போதும், "நீ கண்டாயா?" என்று கேட்பாள் என நம்பலாம். எது பலன் தரும் அறிவு என்ற கேள்விக்கு என் விடை இது. பலன் என்பது அறிந்த பொருளில் மட்டும் இல்லை. அறியும் முறை அறிந்தவரை என்ன செய்கிறது என்பதிலும் இருக்கிறது.

வீணாகாதிருக்க

ஆகவே அக்குடும்பத் தலைவர் வாங்கலாம் என்பதே என் முடிவு. ஆயினும் சில நிபந்தனைகளோடு. கடன்பட்டு வாங்கக்கூடாது. பிறருக்குச் சேரவேண்டிய உரிமையிலிருந்து எடுத்து வாங்கக்கூடாது. பெற்றோரின் மருந்தும் பிள்ளையின் கட்டணமும் ஸகாத்தும் முந்தியவை. அவற்றிலிருந்து ஒரு ரூபாய் எடுத்தாலும் அது வீண்தான், வானத்தின் பெயரைச் சொன்னாலும் வீண்தான். பைனாகுலரோடு நிற்க முடிந்தால் அதுவும் குறையன்று. வாங்கியதைப் பரணில் ஏற்றக்கூடாது. ஆர்வம் தணிந்துவிட்டால், வாங்கிய விலையையே எதிர்பாராமல் அடுத்த கைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அண்டை வீடுகளோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஜான் டாப்ஸன் என்பவர் இருந்தார். ராமகிருஷ்ண மடத்துத் துறவியாய் இருந்து, 1967இல் மடத்தை விட்டு வெளியேறியவர். எறிந்த கண்ணாடியைக் கையாலேயே தேய்த்து, கெட்டிக் காகிதக் குழலில் பொருத்தி, சான்பிரான்சிஸ்கோ நகரத்து நடைபாதையில் நிறுத்தினார். போவோர் வருவோரையெல்லாம் அழைத்துக் காட்டினார். அவர் முறையில் செய்த எளிய தொலைநோக்கிகள் இன்று உலகெங்கும் அவர் பெயரால் வழங்குகின்றன. காகிதச் சுருள் வந்திறங்கும் கெட்டிக் குழல்கள் சிவகாசி அச்சகங்களின் மூலையில் எத்தனையோ கிடக்கின்றன. ஊக்கமுள்ள இளைஞர் ஒருவருக்கு அவை குப்பையாகத் தோன்ற வேண்டியதில்லை.

மொட்டைமாடியில் தொலைநோக்கி நிற்கும் வீட்டுக்கு, தெருவின் பிள்ளைகள் எந்தச் சமயத்தவராயினும் வரட்டும். பகலெல்லாம் பட்டாசுக் கூடத்தில் குனிந்து வேலை செய்த தாய்மாரும் வரட்டும். இருட்டியபின் வெடிமருந்து வேலை கூடாது என்பது தொழிலின் விதி. ஒளி செய்யும் கைகளுக்கு இரவில் ஓய்வு. அந்த ஓய்வில், தாம் செய்யாத, தமக்கு ஆபத்தில்லாத, யாரும் விலை வைக்காத ஒளியை அவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுகண்ணால் பார்க்கட்டும். வானங்களின் படைப்பைச் சிந்திப்போரை அறிவுடையோர் என்று திருமறை சிறப்பிக்கும்போது, அவர்களின் வருமானம் என்ன என்று கேட்கவில்லை.